நடுவழியில் நின்ற பஸ்

அத்தியாயம் 19

வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

கேட்பதற்கு என்னமோ சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சின்னுவின் வீட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே உப்பு டப்பா எங்கே என்று கேட்டாலே அரை மணி நேரம் பேச்சு ஓடும். அப்பேர்ப்பட்ட சின்னு, அண்ணன், அண்ணி என்று மூன்று பேரைச் சுவரோரம் நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் மூச்சு விடலாம், பேசக் கூடாது என்றால் எப்படி?

"ஒரு வார்த்தை பேசினாலும் சோதனை ரத்து. ஜாடை காட்டினாலும் ரத்து" என்று சொல்லிவிட்டாள் விளையாட்டுக் கம்பெனியின் அந்த அம்மாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. வாசலிலேயே அவளுக்கு 'ரெஃப்ரி அம்மா' என்று பெயர் வைத்துவிட்டான் அண்ணன்.

அண்ணி மட்டும் முன்யோசனையாக வந்திருந்தாள். கைப்பையிலிருந்து தொண்டை மிட்டாய் மூன்றை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

"வாயில போட்டுக்குங்க. கடிக்காதீங்க. இது கரையற வரைக்கும் பேச்சு வராது" என்று புருஷன் காதில் சொன்னாள்.

"கரைஞ்சதும்?"

"இன்னும் பதினேழு இருக்கு."

விஷயம் இதுதான். பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிற அண்ணன், ஏழு வருஷமாய் ஒரு பலகை ஆட்டத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். பெயர் 'கடைசி ஸ்டாப்'. நாலு மூலையில் நாலு டிப்போ, நடுவில் நாற்பத்திரண்டு ஸ்டாப், ஆளுக்கொரு பஸ். ஒரு ஸ்டாப் தாண்ட ஒரு டீசல் சில்லு. டேங்கில் எட்டுச் சில்லுதான் பிடிக்கும், டிப்போவுக்குப் போனால்தான் நிரப்பலாம். பயணிகளை ஏற்றி, அவரவர் தலையில் என்ன நிறமோ அதே நிற ஸ்டாப்பில் இறக்கவேண்டும். இறக்கினால் தலைக்கு ஒரு புள்ளி; முதலில் பத்துப் புள்ளி எடுத்தவர் ஜெயித்தார்.

அந்தப் பயணிகளைச் செய்தது அண்ணி. அவளுக்குப் பல்செட் செய்கிற லேபில் வேலை. ஈறுக்குப் போடுகிற ரோஸ் நிற மாவு மீந்தால் அதை அச்சில் ஊற்றி அறுபது குட்டி மனிதர்களை வார்த்து, தலையில் நகப்பூச்சு தடவி வைத்திருந்தாள். தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாரும் எதில் செய்தது என்று கேட்பார்கள். சொன்னதும் கையை எடுத்துக்கொள்வார்கள்.

விதிகளை எழுதியது சின்னு. மின்விசிறி, குக்கர், இஸ்திரிப் பெட்டி வாங்கினால் உள்ளே மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், யாருமே படிக்காமல் தூக்கிப் போடுகிற தாள், அதை எழுதுவதுதான் அவள் உத்தியோகம். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று பன்னிரண்டு விதமாக எழுதத் தெரிந்தவள். ஒரு படியைக்கூட விட்டுவிட மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, தன் பெயரைத் தைரியமாகப் போட்டுக்கொண்ட முதல் காகிதம் இந்த விதித்தாள்தான். அடியில் சின்ன எழுத்தில், 'விதிகள் எழுதியவர்' என்று.

விளையாட்டுக் கம்பெனி இந்த வருஷம் நாலு ஆட்டம்தான் போடுகிறது. மூன்று முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு இன்றைக்கு இந்தச் சோதனை. முன்பின் பார்க்காத ஒரு குடும்பம், வெறும் தாளை மட்டும் படித்து, யாரையும் கேட்காமல், ஆட்டத்தை முடிக்கவேண்டும். முடித்தால் அச்சு. முடிக்காவிட்டால் ஏழு வருஷமும் பரண்மேல்.

இது போதாதென்று சின்னுவின் கைப்பையில் இன்னொரு காகிதம் வேறு. போன வாரம் பார்த்தோமே, அவள் வேலை பார்க்கிற கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். பெரிய வேலை, வேற ஊர், திங்கட்கிழமைக்குள் பதில். தாங்கிப் பிடித்தவர்களிடம் 'நான் கிளம்பறேன்' என்று எந்த முகத்தோடு சொல்வது? ஏழு நாளாக அந்தக் காகிதத்தைப் பையின் ஜிப்புக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

மேஜையைச் சுற்றி நாலு பேர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி, காலேஜ் போகிற மகள், மனைவியின் தம்பி. இந்தத் தம்பி, அதாவது மச்சான், உட்காரும்போதே கையைத் தேய்த்துக்கொண்டு, "நான் ஜெயிச்சா அக்கா ஒரு வாரம் என்னைத் திட்டக் கூடாது" என்றான்.

"நீ முதல்ல படிடா" என்று தாளை நீட்டினாள் அக்கா.

மகள் சத்தமாகப் படித்தாள். ஒன்றாம் விதி, இரண்டாம் விதி... சின்னு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். படிக்கப் படிக்க அவர்கள் கை சரியாக நகர்ந்தது. பஸ்ஸை டிப்போவில் வைத்தார்கள், எட்டுச் சில்லை எண்ணி எடுத்தார்கள், பயணிகளைக் கவிழ்த்துப் பரப்பினார்கள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சின்னுவுக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. அண்ணன் முழங்கையால் லேசாக இடித்தான். அதுவே ஜாடையில் சேருமோ என்று பயந்து அண்ணி அவன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் ஆட்டம் ஜோராகப் போயிற்று. மச்சான் ஒரே பாய்ச்சலில் மூன்று பேரை இறக்கினான். கடைக்காரர் கணக்குப் போட்டு மெதுவாக நகர்ந்தார். மகளோ, கண்ணில் பட்ட பயணியை எல்லாம் ஏற்றினாள். டீசலைப் பற்றிக் கவலையே இல்லை. அண்ணன் வாய்க்குள் மிட்டாய் கடகடவென்று உருண்டது.

நாற்பதாவது நிமிஷம் மகளின் பஸ் நின்றது. சில்லு தீர்ந்துபோயிற்று. டிப்போ மூன்று ஸ்டாப் தள்ளி.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"தாளைப் பாரு" என்றார் அப்பா.

மகள் தேடினாள். "பதினாலாவது விதி. 'டீசல் தீர்ந்தால் பஸ் அங்கேயே நிற்கும்.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதான் போட்டிருக்கு."

"பின்பக்கம் பாரு."

பின்பக்கம் வெறும் வெள்ளைத்தாள்.

"சரி, நின்னுக்கிட்டே இரு. நாங்க ஆடறோம்" என்றான் மச்சான்.

இரண்டு சுற்று கழித்து அவன் அக்காவின் பஸ்ஸும் நின்றது. நெருக்கடியில் ஒரு ஸ்டாப் கணக்கு தப்பிவிட்டது. அவளும் தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். அப்புறம் கீழே வைத்துவிட்டு, எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். மகள் ஃபோனை எடுத்துவிட்டாள். மாமனும் அப்பாவும் மட்டும் ஆளுக்கு எட்டுப் புள்ளியோடு, யாருக்காகவோ ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ரெஃப்ரி அம்மா அட்டையில் எதையோ எழுதினாள். எழுதி, அடிக்கோடு போட்டாள்.

சின்னு மனசுக்குள் தாளைப் புரட்டினாள். பதினாலாவது விதி. நின்றுவிடும். அப்புறம்? அப்புறம் என்ன? வீட்டில் எத்தனையோ சாயங்காலம் ஆடியிருக்கிறோமே, அங்கே பஸ் நின்றால் என்ன செய்வோம்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். வீட்டில் பஸ் நின்ற ஞாபகமே வரவில்லை. டீசல் தீர்ந்த ஞாபகம் இருக்கிறது. ஆனால் நின்ற ஞாபகம் இல்லை. அது எப்படி?

தற்செயலாகத்தான் பக்கத்தில் திரும்பினாள். அண்ணி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத எதையோ முழங்கால்மேல் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு தடவை தள்ளி, திரும்பி வந்து, இன்னொரு தடவை தள்ளின. அவளுக்கே தெரியாமல் கை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

சின்னுவின் மண்டையில் சுரீரென்று உறைத்தது.

சில்லு! அண்ணி சில்லு தள்ளுகிறாள்!

"நிறுத்துங்க" என்றாள் ரெஃப்ரி அம்மா, ஸ்டாப்வாட்சை அமுக்கி. "பதினஞ்சு நிமிஷம் இடைவேளை. ஒரே ஒரு விதியைச் சேர்க்கலாம், இல்ல மாத்தலாம். எழுதித்தான் தரணும், வாயால சொல்லக் கூடாது. பலகை இப்படியே இருக்கும், விட்ட இடத்துல இருந்து ஆடுவாங்க."

தாழ்வாரத்துக்கு வந்ததுதான் தாமதம், அண்ணன் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு வெடித்தான்.

"மொத்தமா அவுட்! நம்ம வீட்டுல ஒரு நாளாவது இப்படி நின்னிருக்கோமா? எப்படி நிக்கும்? யாராவது ஒரு சில்லு தள்ளுவோம்ல? இவங்க ஏன் தள்ளல? கல்லுக் கணக்கா உட்கார்ந்திருக்காங்களே, சொந்தப் பொண்ணு நிக்கிறா, பார்த்துக்கிட்டு!"

"தள்ளணும்னு தாள்ல இல்லையே அண்ணா."

"அதெல்லாமா தாள்ல போடுவாங்க? வீட்டுக்கு வந்தவங்க தண்ணி கேட்டா கொடுக்கணும்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?"

"அதான் நானும் எழுதல" என்றாள் சின்னு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு. ஆட்டத்தின் அச்சாணியே அதுதான். அதை யாரும் விதி என்றே நினைக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு விதியாகச் சொல்லச் சொல்ல எழுதியவள் அவள். அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நாலாவது கையாக வந்து உட்காருகிற மாடி வீட்டுத் தபால்காரர்கூட, பார்த்துப் பார்த்துப் பழகி, அவர் பாட்டுக்குத் தள்ளுவார்.

"இதை முதல்ல யார் ஆரம்பிச்சது?" என்றாள் சின்னு.

அண்ணன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அண்ணி தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். அதுக்கென்ன இப்ப? நேரமாகுது, எழுது."

"ஏன் கொடுத்தீங்க அண்ணி?"

"ஏன்னா? உன் பஸ் என் வழியில நின்னுச்சு. ஒத்தை ரோடு. நீ நகர்ந்தாதானே நான் போக முடியும்? பெரிய தியாகம்லாம் ஒண்ணும் இல்ல, ஆளை விடு."

"அப்ப 'பக்கத்து ஸ்டாப்ல இருக்கிறவர் கொடுக்கலாம்'னு எழுதிடு" என்றான் அண்ணன். "அதான் நியாயம். தூரத்துல இருக்கிற வண்டி எப்படி டீசல் கொடுக்கும்? டிப்போக்காரன் ஒருத்தன் பார்த்தா சிரிப்பான்."

சின்னு பேனாவைத் திறந்தாள். பையைத் துழாவி, கைக்குக் கிடைத்த காகிதத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். 'பக்கத்து' என்று எழுதினாள். எழுதிவிட்டு நின்றாள்.

வழியிலா நின்றது என் பஸ்?

அந்த முதல் சாயங்காலம் அவளுக்கு நேற்றைக்கு மாதிரி ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு வந்து பதினோரு நாள். பதினோரு நாளும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். அண்ணன் சமாதானம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனான். அன்றைக்கு அண்ணி ஒன்றும் சொல்லாமல் பலகையை விரித்து, அவள் முன்னால் பச்சை பஸ்ஸை வைத்தாள். மனசே இல்லாமல்தான் அவள் நகர்த்தினாள். பார்க்கவே இல்லை, டீசல் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஸ்டாப். வடக்கு மூலை.

அண்ணியின் பஸ் தெற்கு மூலையில். பலகையின் அந்தக் கோடி! டிப்போவுக்கு ஒரே ஒரு ஸ்டாப் பாக்கி, கையில் ஒரே ஒரு சில்லு பாக்கி. அந்த ஒன்றை விரலால் தள்ளி, பலகையைத் தாண்டி, சின்னுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏய், அப்படியெல்லாம் ரூலே கிடையாது" என்று அண்ணன் கத்தினான்.

"என் டீசல், நான் கொடுக்கறேன்" என்றாள் அண்ணி. அப்புறம் ஒரு சிவப்புத் தலைக்காரனை எடுத்துச் சின்னுவின் பஸ்ஸில் வைத்தாள். "சும்மா இல்ல. போற வழியில என் ஆளு ஒருத்தர இறக்கி விட்டுடு."

பதினோரு நாள் கழித்துச் சின்னு வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அதற்குத்தான். "எங்க இறக்கணும்?"

அண்ணியின் பஸ் அன்றைக்கு ஆட்டம் முடிகிறவரை, டிப்போவுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் நின்றுகொண்டே இருந்தது.

தாழ்வாரத்தில் சின்னு பேனாவோடு அண்ணி பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் தானாகத்தான் தேறினோம், தானே எழுந்தோம் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தாளே, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"பொய் சொல்றீங்க அண்ணி. நீங்க என் வழியிலயே இல்ல."

அண்ணி பாட்டில் மூடியை இன்னும் இறுக்கித் திருகினாள்.

சின்னு 'பக்கத்து' என்பதை அடித்தாள். புதிதாக எழுதினாள்.

'15. டீசல் தீர்ந்து நின்ற பஸ்ஸுக்கு, பலகையில் எங்கே இருப்பவரும் தன் சில்லிலிருந்து கொடுக்கலாம். வாங்கியவர், கொடுத்தவரின் பயணி ஒருவரைத் தன் பஸ்ஸில் ஏற்றிச் சென்று இறக்கவேண்டும். அந்தப் புள்ளி கொடுத்தவருக்கு. எத்தனை சில்லு என்பது இருவரும் பேசி முடிவு செய்வது.'

அண்ணன் எட்டிப் பார்த்தான். "எங்கே இருப்பவருமா? நடைமுறைக்கு ஒத்துவருமா இது?"

"அண்ணா, பக்கத்துலன்னு போட்டா, வழியை அடைக்கிறான்னு கொடுப்பாங்க, அவ்வளவுதான். எங்கிருந்தும்னு போட்டாதான் பேரம் பேசுவாங்க. நின்னு போனவங்களுக்கும் ஆட்டத்துல வேலை இருக்கும். நின்னவங்க எந்த ஸ்டாப்புக்குப் பக்கத்துல நிக்கிறாங்களோ, அதுவே அவங்க கையில இருக்கிற சரக்கு."

அண்ணன் மனசுக்குள் நாற்பத்திரண்டு ஸ்டாப்பையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"சரி, கொடுத்துப் பாரு" என்றான்.

ரெஃப்ரி அம்மா காகிதத்தை வாங்கிப் படித்தாள். விதியை ஒரு அட்டையில் பெரிதாக நகல் எடுத்து மேஜையில் வைத்தாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், முதலில் நின்ற அண்ணியின் கையில் கொடுத்தாள். அண்ணி அதை மடிக்கும்போது பின்பக்கத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

சின்னு இது எதையும் கவனிக்கவில்லை. அவள் கண் மேஜைமேல் இருந்தது. எந்தக் காகிதத்தில் எழுதினோம் என்றே அவளுக்கு ஞாபகம் இல்லை.

மகள் புது விதியைப் படித்தாள். ஜன்னலோரம் நின்ற அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"டேய் தம்பி" என்றாள். "உன் பஸ்ல ஒரு பச்சைத்தலை உட்கார்ந்திருக்கானே, பச்சை ஸ்டாப்புக்குப் போக உனக்கு எத்தனை ஸ்டாப்?"

"ஏழு."

"எனக்கு ஒண்ணு."

மச்சான் நிமிர்ந்தான்.

"ரெண்டு சில்லு கொடு. உன் ஆளை நான் இறக்கறேன். புள்ளி உனக்கு. இல்லேன்னா சொல்லு, உங்க மாமாகிட்ட கேட்டுக்கறேன்."

"என்னம்மா, புருஷன்கிட்ட ரெண்டாவதாவா வருவ?" என்றார் கடைக்காரர்.

"நீங்களும் ஒரு விலை சொல்லுங்களேன்!"

மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "அப்பா, என் பக்கத்துல நீல ஸ்டாப் இருக்குப்பா! மூணு சில்லு கொடுங்க!"

அவ்வளவுதான், மேஜை சந்தைக்கடை ஆகிவிட்டது. அம்மா இரண்டு சில்லு வாங்கி, ஒன்றில் பச்சைத்தலையை இறக்கி, இன்னொன்றில் டிப்போவுக்குள் புகுந்து எட்டையும் நிரப்பிக்கொண்டாள். சில்லைக் கொடுத்த மச்சான் இரண்டு சுற்றில் தானே நடுரோட்டில் நின்றான். கணக்கில் புலியான கடைக்காரரும் நின்றார். இப்போது டீசல் கையிருப்பு அம்மாவிடம்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கொடுக்கா."

"கொடுக்கறேன்டா. என் ஆளு ஒருத்தன ஏத்திக்க."

"ஒரு வாரம் திட்டக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நீ ஜெயிச்சாதானே?"

பத்துக்கு ஒன்பதில் அம்மா ஜெயித்தாள். ஜெயித்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "இன்னொரு ஆட்டம்!" என்றாள் மகள். மச்சான் ஏற்கெனவே பஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

ரெஃப்ரி அம்மா ஸ்டாப்வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இப்ப பேசலாம்" என்றாள் மூவரையும் பார்த்து. யாருக்கும் பேச்சு வரவில்லை. "நாலாவது இடம் உங்களுக்குத்தான். ஒண்ணு கேக்கணும். இந்தப் பதினஞ்சாவது விதி இருக்கே, இது யாரோட யோசனை?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். ஏழு வருஷமாய் 'என் ஆட்டம், என் ஆட்டம்' என்று மாடி வீட்டுக்காரர் காது புளிக்கச் சொன்னவன். சின்னு அவனையே பார்த்தாள்.

"இவதான்" என்றான், பெண்டாட்டியின் தோளைத் தொட்டு. "நான் ரோடு போட்டேன். தங்கச்சி போர்டு எழுதினா. வண்டிய ஓட வெச்சது இவ. பெட்டியில மூணு பேர் பேரும் வரணும். இவ பேரை முதல்ல போடுங்க."

அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஐயோ, என்னங்க நீங்க..." என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அங்கே இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு தொண்டை மிட்டாய் கொடுத்தாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தபால்காரரிடம் சேதி சொல்ல மாடிக்கு ஓடினான். சாப்பாட்டு மேஜையில் அண்ணியும் சின்னுவும் மட்டும். அண்ணி ஈரத்துணியால் பயணிகளை ஒவ்வொருவராகத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு நீங்க அந்தச் சில்லைக் கொடுக்கலேன்னா நான் இன்னும் அந்த ரூம்லயேதான் இருந்திருப்பேன். இவ்வளவு நாளா இதை உங்ககிட்ட சொல்லவே இல்ல. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ரொம்ப..." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரி சரி, பயணிங்க மேல கண்ணீர் விடாத. நகப்பூச்சு போயிடும்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது சின்னுவுக்கு. அண்ணி தன் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். ஒரு பக்கம் பதினைந்தாவது விதி. திருப்பினாள். மறு பக்கம் தலைமை அலுவலகத்தின் முத்திரை.

சின்னுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, நான் மறைக்கணும்னு... எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான்..."

"போறியா?"

"தெரியல அண்ணி. உங்களை எல்லாம் விட்டுட்டுப் போறது நன்றிகெட்டத்தனம் இல்லையா?"

"அடி பைத்தியமே! நகரணும்னுதானேடி டீசல் கொடுத்தது? வாங்கி வெச்சுக்கிட்டு அங்கயே நிக்கறதுக்கா?"

சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு சில்லை எடுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் மெல்லத் தள்ளிக்கொண்டு போய், சின்னுவின் கையருகே நிறுத்தினாள்.

"ரொம்ப தூரம். வழியில நின்னுடாத."

சின்னு அந்தச் சில்லை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஆனா எழுதினவளே விதியை மறக்கக் கூடாது" என்றாள் அண்ணி. குரல் திடீரென்று தாழ்ந்துவிட்டது. "கொடுத்தவங்களோட ஆளு ஒருத்தர ஏத்திக்கிட்டுப் போய் இறக்கி விடணும்."

"யாரை அண்ணி?"

அண்ணி மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பையின் அடியிலிருந்து இன்னும் இரண்டு காகிதங்களை எடுத்தாள். ஒன்று மடிப்பில் நைந்து, மஞ்சளடைந்து இருந்தது. செயற்கைக் கண் செய்யும் பயிற்சி, ஆறு மாதம், உங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தலைமை அலுவலகம் இருக்கிற அதே ஊர். சின்னு தேதியைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன், அவள் இரண்டு பெட்டியோடு இந்த வீட்டு வாசலில் வந்து இறங்கிய அதே வாரம்.

கையிலிருந்த கடைசிச் சில்லை அவளுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு வருஷமாய் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லாமல்.

இன்னொரு காகிதம் புத்தம் புதுசு.

"மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. நானும் திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றாள் அண்ணி.

"அப்ப, ஏத்திக்க வேண்டிய ஆளு..."

"நான்தான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. கூடவே அண்ணனின் குரலும். "இந்தாம்மா, எங்க இருக்க? அடுத்த ஆட்டத்துக்கும் ஐடியா வந்துடுச்சு! இந்தத் தடவை மூணு பேரும் முதல்ல இருந்தே சேர்ந்து உட்காரணும், சரியா?"

அண்ணி காகிதங்களை மடிக்கவில்லை. ஒளிக்கவும் இல்லை. மேஜைமேல் விரித்தபடியே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை அவனுக்காக இழுத்துப் போட்டாள்.